பட்டறைக் கேள்வி பதில்: உடைந்த றொட்டை எறிந்துவிடாதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சின்ன எஞ்சின்களைப் பற்றியவை. மாரி மழை முடிந்து புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்குகிறது. தோட்டக்காரர்கள் வெங்காயத்துக்கு இறைக்கத் தொடங்கிவிட்டார்கள். மாதக்கணக்கில் கொட்டிலில் கிடந்த மெசின்களை எல்லோரும் ஒரே கிழமையில் வெளியே எடுக்கிறார்கள். அச்சுவேலியிலிருந்து வந்த கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதுகிறேன். அதே பிரச்சினை பலருக்கும் வருகிறது.

கேள்வி: ஐயா, கனடாவில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் தன் வீட்டில் பாவித்த தள்ளுகிற புல்வெட்டும் மெசினைப் பாடசாலைக்கு அனுப்பியிருந்தார். பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின், பழைய மொடல். மூன்று வருடம் நன்றாக வேலை செய்தது. போன கிழமை மைதானம் வெட்டிக்கொண்டிருந்தபோது ‘டங்’ என்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. இப்போது கயிற்றை இழுத்தால் பாரமே இல்லாமல் வருகிறது. வந்து பார்த்தவர் “கனெக்ரிங் றொட் உடைந்துவிட்டது, பழைய இரும்புக்குக் கொடுங்கள்” என்கிறார். திருத்தவே முடியாதா? ஒயில் மாற்றினோமா என்று கேட்காதீர்கள், மாற்றவில்லை.
— விளையாட்டுப் பொறுப்பாசிரியர், அச்சுவேலி

பதில்: மாஸ்ரர், பழைய இரும்புக்குக் கொடுக்காதீர்கள். கனெக்ரிங் றொட் என்பது பிஸ்டனையும், பிளேட்டைச் சுற்றுகிற கிராங் தண்டையும் இணைக்கும் கை. திறந்து பார்க்காமல் எந்த எஞ்சினையும் செத்துவிட்டது என்று சொல்லக்கூடாது.

கயிறு சும்மா வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கயிற்றை இழுக்கும்போது கீழே பிளேட்டும் சேர்ந்து சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். பிளேட் சுற்றவில்லை என்றால் கயிற்றுப் பெட்டிக்குள் இருக்கும் பிடி பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிளேட் சுற்றுகிறது, ஆனால் அமுக்கம் இல்லை என்றால் வால்வு ஒன்று திறந்தபடி இறுகியிருக்கலாம், அல்லது றொட் உடைந்திருக்கலாம். உங்கள் எஞ்சின் வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும் பழைய வகையாக இருந்தால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுவது அரை மணித்தியால வேலை. கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுங்கள். வால்வுகள் ஏறி இறங்க, பிஸ்டன் மட்டும் அசையாமல் நின்றால் றொட் உடைந்ததுதான். நீங்கள் எழுதிய சத்தத்தை வைத்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அடுத்தது எஞ்சின் உடம்பைச் சுற்றிவரத் துடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. உடைந்த றொட் உள்ளே சுழன்று அடிக்கும்போது பல சமயம் அலுமினிய உடம்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பெருவிரல் போகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தால், அல்லது வெடிப்பு பெயரிங் பக்கமாக ஓடியிருந்தால், நானும் கைவிடத்தான் சொல்வேன். ஓட்டை இல்லையென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது.

திறக்கும் முறை: பெற்றோலை வடித்துவிடுங்கள். ஒயிலை ஒரு வெள்ளைத் துணியின் ஊடாக வடியுங்கள். துணியில் வெள்ளித்தூள் மாதிரி மினுங்கினால் அது றொட்டின் அலுமினியம். பிளேட்டைக் கழற்றும்போது ஒரு மரக்கட்டையை அண்டக்கொடுங்கள், கையால் பிடிக்க வேண்டாம். பிளேட் இருந்த தண்டின் வெளிப்பக்கம் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருக்கும். அதை எமரிக் கடதாசியால் நன்றாகத் தேய்த்து, விரல் வைத்தால் வழுக்குகிற மாதிரி ஆக்கிய பிறகுதான் எஞ்சினின் அடிமூடியான கீழ்த்தட்டை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அந்தத் துரு ஒயில் சீலைக் கிழிக்கும், கீழ்த்தட்டின் பெயரிங்கையும் கீறிவிடும். ஒரு வேலையைச் செய்யப்போய் இரண்டு வேலையாகும்.

உள்ளே கிடக்கும் துண்டுகளை ஒன்றும் விடாமல் பொறுக்குங்கள். ஒரு துணியை விரித்து அவற்றைப் பழையபடி றொட் வடிவில் பொருத்திப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தால் அது எஞ்சினுக்குள்ளேதான் எங்கேயோ இருக்கிறது, கியர்ப் பல்லுக்குள் போய்ப் பிறகு உங்களைத் தேடி வரும். பலர் இந்தத் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது றொட் வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். என் மனதுக்குக் கஷ்டமாக இருப்பது இதுதான். ஏன் உடைந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தத் துண்டுகள்தான். றொட்டுக்கு வயதுபோய்ச் சாவு வருவதில்லை. ஏதோ ஒன்று அதை உடைத்திருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் புதியதைப் பூட்டினால் அதுவும் அதே இடத்தில் உடையும்.

துண்டுகளை இப்படிப் பாருங்கள். கிராங்கைப் பிடிக்கும் பெரிய வளையத்தின் உட்புறம் கறுத்து, கீறி, உருகினது போல இழுபட்டிருந்தால் ஒயில் போதவில்லை. இந்தச் சின்ன எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் றொட்டுக்குள் தனியாகப் பெயரிங் கிடையாது, அலுமினிய றொட் நேராகக் கிராங்கின் இரும்புப் பின்னின் மேல், அதாவது றொட் மாட்டுகிற உருளைப் பகுதியின் மேல், ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒயில் படலம் ஒன்றுதான். அந்தப் படலம் அறுந்தால் அலுமினியம் பின்னில் ஒட்டி, சூடேறி, இறுகி, உடைந்துவிடும். இனி, வளையத்தின் உட்புறம் சுத்தமாக இருந்து, போல்ட் மாத்திரம் கழன்றோ வளைந்தோ கிடந்தால் முன்பு யாரோ திறந்து சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். வளையம், போல்ட் இரண்டும் நல்லாயிருக்க றொட்டின் நடுத்தண்டு மட்டும் முறிந்திருந்தால் எஞ்சினை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டியிருப்பார்கள், அல்லது பிளேட் எதிலோ பலமாக அடிபட்டிருக்கும். உங்கள் மெசினில் முதலாவது வகைதான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஒயில் கதையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனிக் கிராங் பின்தான் முக்கியம். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். 1991ஆம் ஆண்டு எனக்கு 19 வயது. கோண்டாவிலில் மாமாவின் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் தடைக் காலம், உதிரிப்பாகம் என்று ஒன்றும் வராது. நீர்வேலித் தோட்டக்காரர் ஒருவரின் இறைக்கிற மெசினில் றொட் உடைந்துவிட்டது. மாமாவின் லாச்சிக்குள் ஒயில் கடதாசியில் சுற்றியபடி ஒரேயொரு புது றொட் இருந்தது. அதை எடுத்து என்னிடம் தந்து பூட்டச் சொன்னார். நான் பின்னைத் துணியால் துடைத்தேன், பார்வைக்கு மினுக்கமாக இருந்தது, பூட்டிக் கொடுத்துவிட்டேன். நாலு மணித்தியாலம்கூட ஓடவில்லை. பின்னின் ஒரு பக்கத்தில் பழைய அலுமினியம் மெல்லிய தோலாக ஒட்டியிருந்திருக்கிறது, பின்னும் வட்டம் கெட்டிருந்திருக்கிறது. அந்த மனிதர் அந்தப் போகம் முழுக்கத் துலாவால் இறைத்தார். மாமா என்னை ஏசவில்லை. தன்னுடைய மைக்ரோமீற்றரை எடுத்து என் கையில் வைத்து, “இனி இது சொன்னால்தான் நீ பூட்டலாம்” என்றார். 1995இல் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அதைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு போனேன். இன்றைக்கும் அதனால்தான் அளக்கிறேன்.

பின்னில் ஒட்டிய அலுமினியத்தை அரத்தால் ராவக்கூடாது. கிராங்கை வெளியே எடுத்து, கோஸ்ரிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பின்னில் மட்டும் பூசுங்கள். தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. சோடா அலுமினியத்தைக் கரைக்கும், இரும்பைத் தொடாது. நுரைத்துக்கொண்டு வாயு வரும். அது எரிகிற வாயு, அதனால் வெளி முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும், பிள்ளைகளை அருகில் விடவே கூடாது. எஞ்சின் உடம்பும் அலுமினியம், அதில் ஒரு சொட்டும் படக்கூடாது. நுரைப்பது நின்றதும் நிறையத் தண்ணீரால் கழுவி, துடைத்து, உடனே ஒயில் பூசுங்கள், இல்லாவிட்டால் துருப் பிடிக்கும். சிலர் இதற்கு அசிட் பாவிக்கிறார்கள். அது இரும்பையும் தின்னும் என்பதால் எனக்கு விருப்பமில்லை.

பிறகு 600 நம்பர் எமரிக் கடதாசியை நாடா போலக் கிழித்து ஒயிலில் நனைத்து, பின்னைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துத் தயிர் கடைகிற மாதிரி மாறி மாறி இழுங்கள். பிறகு 1000 நம்பரால் அதேபோல. ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் பள்ளம் விழும், கிராங்கைத் திருப்பித் திருப்பித் தேயுங்கள். நகத்தால் கீறிப் பார்த்தால் எங்கும் தடக்கக் கூடாது.

அளவைப் பற்றி: எவ்வளவு நுணுக்கம் என்று தெரிவதற்காக ஹொண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினைச் சொல்கிறேன், அதுதான் இங்கே நிறைய. அதன் புதுப் பின் 29.98 மில்லிமீற்றர். 29.92க்குக் கீழே தேய்ந்தால் பாவிக்கக்கூடாது. 0.06 மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஒரு தலைமயிரின் தடிப்பு. றொட்டுக்கும் பின்னுக்கும் இடையில் ஒயிலுக்கு விடுகிற இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கண் இதைக் காணாது. உங்கள் எஞ்சினின் அளவு வேறு, ஆனால் கண்டிப்பு இதேதான். மைக்ரோமீற்றர் இல்லையென்றால் கிராங்கை ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மூன்று நாலு இடத்தில், மேலும் கீழும் பக்கவாட்டிலும் அளக்கச் சொல்லுங்கள். எல்லா அளவும் ஒன்றாக வந்தால் வட்டம் சரி. தேய்ந்திருந்தால் சில எஞ்சின்களுக்கு 0.25 மில்லிமீற்றர் சிறிய துளையுள்ள றொட் கிடைக்கும், பின்னைக் கடைந்து அதைப் பூட்டலாம். அதுவும் இல்லையென்றால் வேறு கிராங் தேட வேண்டும். அளக்கும்போதே கிராங் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த கிராங்கை அடித்து நிமிர்த்தவே கூடாது. உள்ளே வெடிப்பு விழுந்து, பிளேட்டோடு சேர்ந்து ஒருநாள் முறிந்து பறக்கும். பிள்ளைகள் நிற்கிற மைதானம், மாஸ்ரர்.

றொட்டைக் கனடாவிலிருந்தே அனுப்பச் சொல்லலாம், அந்த மாணவருக்கு அது பெரிய வேலையில்லை. பிளக்குக்கு மேலே, காற்றோட்டத் தகரத்தில் மூன்று வரிசை எண்கள் பொறித்திருக்கும்: மொடல், ரைப், கோட். மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பிரிக்ஸ் மொடல் எண்ணின் முன்பக்க இலக்கம் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும். 9 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் என்றால் 9 கன அங்குலம், ஏறத்தாழ 148 சீசீ. கோட் எண் செய்த வருடம், மாதம், திகதியில் தொடங்கும். இந்த மூன்றும் இல்லாமல் “பிரிக்ஸ் றொட் ஒன்று” என்று கேட்டால் எதையாவதுதான் தருவார்கள். றொட்டோடு ஹெட் கஸ்கெற், கீழ்த்தட்டுக் கஸ்கெற், ஒயில் சீல் மூன்றையும் சேர்த்து எடுப்பியுங்கள். கீழ்த்தட்டுக் கஸ்கெற்றைக் கையில் கிடைத்த மட்டையில் வெட்டிப் போடக்கூடாது. கிராங் மேலும் கீழும் அசையும் அளவை அந்தத் தடிப்புத்தான் தீர்மானிக்கிறது.

பூட்டும்போது பிஸ்டன் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, றொட் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது கழற்றும் முன்பே நீங்கள் எடுத்த போட்டோவில் இருக்க வேண்டும். றொட்டுக்கும் அதன் கீழ் மூடிக்கும் அடையாளம் உண்டு, இரண்டும் ஒரே பக்கம் வர வேண்டும், மூடியைத் திருப்பிப் போட்டால் வட்டம் கெட்டுவிடும். பின்னுக்கும் சிலிண்டருக்கும் ஒயிலைத் தாராளமாகப் பூசுங்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றிங்குகளின் வாய்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று வராமல் தள்ளித் தள்ளி வையுங்கள்.

போல்ட்டை இறுக்குவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். இழுத்த இழுப்பில் போல்ட் அறுந்தாலும் பிழை, நாளைக்குக் கழன்றாலும் பிழை. ஜிஎக்ஸ்160க்கு 12 நியூட்டன் மீற்றர். உங்களுடையதும் 9 கன அங்குலம் என்றால் கொஞ்சம் குறைவாக, 11 சொச்சம் வரும். இறுக்குகிற பலத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனர் இல்லாதவர்களுக்கு மாமா சொல்லித்தந்த வழி இது. மீன் நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்றை எடுங்கள். ஸ்பனரில் போல்ட்டின் நடுவிலிருந்து சரியாக 20 சென்ரிமீற்றர் தள்ளிக் கொக்கியை மாட்டி, ஸ்பனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 6 கிலோ காட்டும்போது 12 நியூட்டன் மீற்றருக்குச் சற்றுக் கீழே நிற்பீர்கள். உங்களுக்கு ஐந்தே முக்கால் கிலோ போதும். இரண்டு போல்ட்டையும் மாறி மாறி, மூன்று தரத்தில் இறுக்குங்கள். இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், சீராகச் சுற்ற வேண்டும். றொட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் கொஞ்சம் அசைய வேண்டும். இறுகிப் பிடித்தால் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், கழற்றி மறுபடி பாருங்கள்.

மூடுவதற்கு முன் இரண்டு விடயம். கிராங் கியரிலும் வால்வுகளை ஏற்றி இறக்குகிற காம் கியரிலும் இருக்கும் புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். அதோடு, தண்டு செங்குத்தாக நிற்கும் புல்வெட்டி எஞ்சினில் ஒயிலை மேலே வீசுவதற்குக் காம் கியரோடு பல்லுச் சக்கரம் ஒன்று ஓடும். அது கழன்று கீழே விழுந்து மேசையில் மறந்துபோய்க் கிடப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அது இல்லாமல் மூடினால் எவ்வளவு ஒயில் ஊற்றினாலும் றொட்டுக்குப் போகாது, பத்து நிமிடத்தில் பழைய கதை.

ஒயில் எஸ்ஏஈ 30, ஏறத்தாழ 0.6 லீற்றர் பிடிக்கும். ஆனால் அளவுகோலைப் பார்த்து ஊற்றுங்கள், கூடினாலும் நுரைத்துக் கெடுதிதான். பிளக்கைப் பூட்டாமல் இருபது தரம் கயிறு இழுத்து ஒயிலைப் பரவ விட்ட பிறகு இயக்குங்கள். முதல் ஐந்து மணித்தியாலத்தில் அந்த ஒயிலை மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வெட்டத் தொடங்கும்போதும் ஒயிலைப் பார்ப்பதை மாணவத் தலைவர் ஒருவரின் பொறுப்பாகவே கொடுத்துவிடலாம். மைதானத்தில் பனை நிற்கிறது என்று நினைக்கிறேன், அச்சுவேலிப் பக்கம் இல்லாமல் இருக்காது. வெட்டுவதற்கு முன் பனங்கொட்டையையும் சுண்ணாம்புக் கல்லையும் பொறுக்கச் சொல்லுங்கள். காய்ந்த பனங்கொட்டை பிளேட்டில் அடிபட்டால் கல்லில் அடிபட்டதற்குக் குறைவில்லை.

கேள்வி: உடைந்த அலுமினிய றொட்டை அலுமினிய வெல்டிங் செய்து பூட்டலாமா? செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார்.
— வாசகர், சங்கானை

பதில்: வேண்டாம் தம்பி. ஒட்டும், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் அந்த றொட் நிமிடத்துக்கு 3600 சுற்றில் ஒரு செக்கனுக்கு 60 தடவை இழுபட்டு 60 தடவை அமுக்குப்படுகிறது. வெல்டிங் சூட்டில் ஒட்டின இடத்தைச் சுற்றியுள்ள அலுமினியம் பலம் குறைந்துபோகும், வளையம் கோணும், நீளமும் மாறும். தடைக் காலத்தில் நாங்கள் தேய்ந்த றொட்டின் மூடியை ராவி, லேத்தில் திரும்ப வட்டமாகக் கடைந்து ஓடவிட்டிருக்கிறோம். உடையாத றொட்டுக்கு, வேறு வழியே இல்லாத காலத்தில் செய்தது அது. உடைந்ததை ஒட்டி ஓடவிட்டது அன்றைக்கும் இல்லை.

கேள்வி: மண்ணெண்ணெயில் ஓடுகிற எங்கள் இறைக்கிற மெசினில் ஒயில் குறையவில்லை, மாறாகக் கூடிக்கொண்டே போகிறது. ஒயில் செலவில்லை என்று சந்தோசப்படுவதா?
— வெங்காயத் தோட்டக்காரர், புத்தூர்

பதில்: அண்ணை, உடனே நிற்பாட்டுங்கள். ஒயில் தானாகக் கூடாது, உள்ளே மண்ணெண்ணெய் இறங்குகிறது. அளவுகோலை மணந்து பாருங்கள், தெரியும். தண்ணியாகப்போன ஒயிலால் றொட்டுக்கும் பின்னுக்கும் இடையில் நின்று பிடிக்க முடியாது. மேலே மாஸ்ரருக்கு எழுதிய அதே உடைவுதான் உங்களுக்கும் வரும், அவருக்கு ஒயில் இல்லாமல் வந்தது உங்களுக்கு ஒயில் நிறைய இருந்தும் வரும்.

மண்ணெண்ணெய் சூடான எஞ்சினில்தான் முழுதாக எரியும். குளிர்ந்த எஞ்சினில் எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே இறங்கும். அதனால்தான் பெற்றோலில் தொடங்கி, நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிற்பாட்டுவதற்கு முன்பும் சில நிமிடம் பெற்றோலில் ஓடவிட வேண்டும். பெற்றோலை மிச்சம்பிடிக்கவென்று இந்த நேரத்தைக் குறைக்கிறவர்கள் அதிகம். தடைக் காலத்தில் பெற்றோல் துளித்துளியாகக் கிடைத்தது, அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்தது. இன்றைக்கு இல்லை. இப்படி ஓட்டியும் கூடினால் றிங் தேய்ந்திருக்கலாம், அல்லது மெசின் நிற்கும்போது காபரேற்றர் ஊசி மூடாமல் ஒழுகலாம். இறைத்து முடிந்ததும் மண்ணெண்ணெய்க் குழாயைப் பூட்டி வையுங்கள். மறுநாள் ஒயில் மட்டம் ஏறாமல் நின்றால் ஊசிதான் காரணம்.

பெற்றோலில் ஓடும் எஞ்சினுக்கு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்வார்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற உங்கள் மெசினுக்கு நான் 30 மணித்தியாலம் என்பேன். கணக்கு வைப்பது கஷ்டமில்லை. கிணற்றடிக் கொட்டில் சுவரில் ஒவ்வொரு இறைப்புக்கும் ஒரு கரிக்கோடு போடுங்கள். மூன்று மணித்தியாலம் இறைக்கிறவருக்குப் பத்தாவது கோட்டில் ஒயில் மாற வேண்டும்.

கேள்வி: தோளில் மாட்டிப் புல்லு வெட்டுகிற மெசினில் றொட் ஆடுகிறது. றொட் மட்டும் மாற்றலாமா?
— வாசகர், வேலணை

பதில்: உங்களுடையது பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்றுகிற 2 ஸ்ட்ரோக் என்றால் மாற்ற முடியாது. அதில் றொட் ஊசிப் பெயரிங்கில் ஓடுகிறது, கிராங்கைப் பிரஸ்ஸில் அழுத்திப் பூட்டியிருப்பார்கள். முழுக் கிராங்காகத்தான் மாற்ற வேண்டும். கலவையை உங்கள் கொப்பியில் சொன்னபடியே கலவுங்கள். 25க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர், 50க்கு 1 என்றால் 20. கண்மட்டத்தில் ஊற்ற வேண்டாம், மருந்துப் போத்தல் மூடியில் அளவு போட்டிருக்கும், அது போதும்.

கேள்வி: எங்கள் முன்பள்ளி வளவுக்குப் புல்லு வெட்ட வருகிற பெடியன் மெசினில் ஏதோ ஒரு ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு சத்தம் பயங்கரம், வெட்டும் வேகமாகத்தான் போகிறது. மெசின் எங்களுடையது. விடலாமா?
— முன்பள்ளி ஆசிரியை, மானிப்பாய்

பதில்: விட வேண்டாம் ரீச்சர். அது கவர்னர் ஸ்பிரிங். எஞ்சின் ஒரு வேகத்துக்கு மேல் போகாமல் பிடித்து வைத்திருப்பது கவர்னர், அது எந்த வேகம் என்று தீர்மானிப்பது இந்த ஸ்பிரிங்கின் இழுவை. றொட்டின் மேல் வரும் இழுவை வேகத்தோடு சேர்ந்து கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 3600 சுற்றில் ஓட வேண்டிய எஞ்சினை 5000இல் ஓட்டினால் இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புல்லு வேகமாக வெட்டுப்படும், அது உண்மை. றொட் வெடித்தால் உடம்பை உடைத்துக்கொண்டு வரும், பிளேட்டின் நுனியும் அதே அளவுக்கு அதிக வேகத்தில் சுற்றுகிறது. சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற வளவில் அது வேண்டவே வேண்டாம்.

அந்தத் தம்பியை ஏச வேண்டாம், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கட்டியிருக்கிற கம்பியை வெட்டி எடுங்கள். ஸ்பிரிங் இழுபட்டு நீண்டிருந்தால் புதிது வாங்கி, பழைய அதே துளையில் மாட்டச் சொல்லுங்கள். ஒரு துளை தள்ளி மாட்டினாலும் வேகம் மாறும். பிறகு பிளேட்டைக் கழற்றித் தீட்டச் சொல்லுங்கள். மொட்டைப் பிளேட்டால் வெட்டுப்படாததால்தான் அவர் வேகத்தைக் கூட்டியிருப்பார்.